கொழும்பு முற்றத்துக்குத் தொலைபேசியில் சம்மதம் சொல்லும் பிள்ளைகளுக்கு

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சிட்னி என்று பல இடங்களில் இருந்துகொண்டு, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கல்கிசையிலும் தனித்திருக்கும் அம்மா அப்பாவுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு,

வணக்கம்.

இந்த மடலை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கோ மாநகர சபைக்கோ எழுதியிருக்கலாம். உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே வந்து நின்று “முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதிச்சுத் தாறோம்” என்று கேட்பவருக்கு முடிவான பதிலைச் சொல்வது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அம்மா அல்ல, நீங்கள்தான். அம்மா வட்ஸ்அப்பில் உங்களை எடுக்கிறார். வந்தவர் போனை வாங்கி முற்றத்தைச் சுற்றிக் காட்டுகிறார், தான் வேறு வீடுகளில் செய்த வேலை என்று நாலைந்து படம் அனுப்புகிறார். வேலைக்குப் போகிற ரயிலில் இருந்தபடி நீங்கள் “சரி அம்மா, செய்யட்டும், நான் காசு போடுறன்” என்கிறீர்கள். அந்தச் சம்மதத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அம்மாவால் அந்த ஆளை மறித்துக் கேள்வி கேட்க முடியாது. கேட்டால் “மகன் ஓகே சொல்லிட்டாரே அன்ரி” என்பார்.

கட்டட வேலைகளுக்கு அளவெடுத்து விலை போடும் கியூஎஸ் தொழிலில் பல வருடங்கள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அயலில் உள்ளவர்கள் பில்லோடு என்னிடம் வருவது வழக்கம். கவலை என்னவென்றால், பணம் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள். கொடுக்க முன் யாரும் வருவதில்லை.

ஓகஸ்டுக்கும் டிசம்பருக்கும் முன்னால் இந்த ஆட்கள் கூடுதலாக ஒழுங்கைகளுக்குள் வருவதைப் பார்க்கிறேன். பிள்ளைகள் விடுமுறையில் வரும் காலம், வீட்டைத் துப்புரவாக்கி வைக்க வேண்டும் என்று பெற்றோர் நினைக்கும் காலம் அது. சொல்லும் கதை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: “பக்கத்து லேன்ல ஒரு வேலை முடிஞ்சிருச்சு அன்ரி. கல்லு மிச்சம் இருக்கு, ஆளுங்களும் நிக்கிறாங்க. இன்னைக்குன்னா பாதி விலைக்குச் செஞ்சிரலாம்.”

இந்த மிச்சக் கதையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லுக்கு ஓடர் கொடுக்கும்போது வெட்டுக்கும் உடைவுக்கும் என்று 5 வீதமளவில் கூடச் சேர்ப்பது வழக்கம். 1,000 சதுர அடி வேலையில் அது 50 சதுர அடி, ஒரு கார் நிற்கக்கூடக் காணாது. உங்கள் வீட்டு முற்றம் 600 சதுர அடி என்றால், அதற்குப் போதுமான கல் மிஞ்ச, அவர் பக்கத்து ஒழுங்கையில் 12,000 சதுர அடிக்குக் கல் பதித்திருக்க வேண்டும். ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி, ஆகவே 44 பேர்ச்சுக்கு வரும். கட்டடமே இல்லாமல் காணி முழுவதும் கல் பதித்தால்கூட 44 பேர்ச் காணி வேண்டும். நம் ஒழுங்கைகளில் எந்த வீட்டுக்கு அப்படிக் காணி இருக்கிறது?

வீதிக்குக் காபெட் (தார்க்கலவை) போடும் காலத்தில் இதன் இன்னொரு வடிவம் வரும். “றோட்டுக்குப் போட்ட காபெட் மிச்சம் இருக்கு, உங்க கேட்டுக்கு உள்ளயும் போட்டு விடுறோம்.” தார்க்கலவை ஆலையில் இருந்து 150 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் வெளியே வரும். 80, 85 பாகைக்குக் கீழே போய்விட்டால் எந்த ரோலராலும் அதை ஒழுங்காக இறுக்க முடியாது. காலையில் மிஞ்சியதைப் பின்னேரம் கொண்டுவந்து மண்வெட்டியால் பரப்பினால் நாலு மழைக்குப் பொரிந்து கொட்டும். அவர் சொல்வது உண்மையாகவே இருந்தால், அந்தக் கலவை பொதுப்பணத்தில் வாங்கியது, அவருக்கு விற்க உரிமை இல்லாதது. கதை பொய்யானாலும் மெய்யானாலும் அந்த வேலை வேண்டாம்.

இதில் எனக்கு மனம் நோவது ஒன்று உண்டு. நீங்கள் இருக்கும் நாடுகளில் இதே கதையை நீங்கள் நம்புவதில்லை. லண்டனில் ஒருவர் கதவைத் தட்டி, மோட்டர்வே வேலையில் தார் மிஞ்சிவிட்டது, உங்கள் டிரைவ்வேக்குப் போட்டுத் தருகிறேன் என்றால் கதவைச் சாத்திவிடுவீர்கள். பிரித்தானியாவில், 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, வீட்டு வாசலில் செய்துகொண்ட ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் கைவிடலாம். ஒன்ராரியோவில் அதற்கு 10 நாள் உண்டு. தண்ணீர் சூடாக்கி, ஏசி போன்றவற்றை வீடு வீடாகப் போய்த் தலையில் கட்டுவதையே 2018 மார்ச்சில் அங்கே தடை செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் மூன்று வேலை நாட்கள். அங்கே சட்டம் உங்களுக்கு யோசிக்க நேரம் தந்திருக்கிறது. இங்கே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் ஏமாற்றுப் பேச்சுக்கு எதிரான பிரிவு உண்டு, கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்ய வேண்டும் என்ற பிரிவும் உண்டு. ஆனால் வாசலில் சொன்ன ‘ஓம்’ஐ இத்தனை நாளுக்குள் திருப்பி எடுக்கலாம் என்ற ஏற்பாடு அதில் இல்லை. ஆகவே அந்த நாட்களை உங்கள் பெற்றோருக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வீடியோ அழைப்பில் முடிவு சொல்லாதீர்கள். “எழுதிக் குடுத்திட்டுப் போகச் சொல்லுங்கோ அம்மா, நாங்கள் பார்த்திட்டுச் சொல்லுறம்” என்ற ஒரு வசனம் போதும். இன்றைக்குச் சொன்ன விலை அடுத்த கிழமை இல்லை என்று அவர் சொன்னால், போகட்டும்.

வாசலுக்கு வருபவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் விளங்கிக்கொள்ளவும் வேண்டாம். 2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது கட்டட வேலைகள் நின்றுபோய், நல்ல பாஸ்மார் (மேசன்மார்) பலர் வேலை தேடி வீடு வீடாக அலைந்தார்கள். மலையகத்தில் இருந்தும் வன்னியில் இருந்தும் வந்து இந்தக் கல் பதிக்கும் வேலையில் முதுகு முறியும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆளின் ஊரையோ பேச்சையோ உடுப்பையோ பார்த்து முடிவு செய்வது அநியாயம். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் ஒப்பந்தகாரர்களைத் தரம் பிரித்துப் பதிகிறார்கள். அதில் பதிவு இருந்தால் நல்லது, ஆனால் மூன்று பேரோடு வேலை செய்யும் சின்ன பாஸிடம் அது இருக்காது. இல்லை என்பதற்காக அவர் கள்ளன் ஆகிவிட மாட்டார். ஆளை விட்டுவிட்டு, அவர் தரும் கடதாசியைப் பாருங்கள். அதில் கல்லுக்குக் கீழே என்ன வரப்போகிறது என்று எழுதியிருக்கிறதா?

ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் நடக்கிறது. மேலே தெரியும் கல்லில் யாரும் பெரிதாக விளையாடுவதில்லை, அது எல்லோர் கண்ணுக்கும் படும்.

தெஹிவளையில், கடற்கரைப் பக்கமாக, வயதான தம்பதியர் இருக்கும் வீட்டில் அண்மையில் பார்த்ததைச் சொல்கிறேன். கேட்டில் இருந்து போர்ட்டிக்கோ வரை சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்திருந்தார்கள். கார் வழக்கமாக நிற்கும் இடத்தில், முன் சில்லு இரண்டும் நிற்கும் சரியான இடத்தில், இரண்டு பள்ளம். உள்ளங்கை ஆழத்துக்குத் தண்ணீர், அதில் கூத்தாடிப் புழு நெளிந்துகொண்டிருந்தது. டெங்குப் பரிசோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் வழக்குப் போடக்கூடிய விஷயம். அந்த ஐயா முதலில் சொன்ன கவலையும் அதுதான். ஓரக் கல்லுகள் மதிலை விட்டு விலகி, இடைவெளிக்குள் விரல் போனது. விளிம்பில் தடுப்புக் கட்டு கட்டவே இல்லை. பில்லில் “6 அங்குலம் ஏபிசி” என்று இருந்தது. ஏபிசி என்பது அடித்தளத்துக்குப் போடும், உடைத்த கருங்கல்லும் தூளும் கலந்த கலவை. ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, பள்ளத்துக்குப் பக்கத்துக் கல் ஒன்றைத் தூக்கினோம். கீழே இரண்டு விரல் அகலத்துக்கு மணல். மணலை வழித்துவிட்டுப் பார்த்தால் பழைய முற்றத்து மண், அதில் மக்கிப்போன மாவிலை அப்படியே ஒட்டிக்கிடந்தது. ஒரு கருங்கல் துண்டுகூட இல்லை. இன்னும் இரண்டு இடத்தில் தூக்கியபோதும் இதேதான். பில்லில் இருந்த அந்த ஆறு அங்குலமும் அந்த முற்றத்துக்கு வரவே இல்லை.

கார் ஓடும் முற்றத்துக்கு என்ன வேண்டும் என்பது பெரிய இரகசியம் அல்ல. பழைய மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டும். நல்ல கபுக் நிலம் (இறுகிய செம்மண் கல் நிலம்) என்றால் 4 அங்குலம் முதல் 6 அங்குலம் வரை ஏபிசி. சதுப்பை நிரப்பி எடுத்த காணி என்றால் (நம் புறநகரில் அப்படி எத்தனையோ உண்டு) அதைவிடக் கூட. அதைத் தண்ணீர் தெளித்து இரண்டு தட்டாகக் கொம்பெக்டர் போட்டு இறுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி மேலால் ஓட்டினால் சின்ன மெஷினின் அடி கீழ்வரை போகாது. அதன் மேல் ஓரங்குலம், கூடினால் ஒன்றரை அங்குலம் மணல். அதன் மேல் கல்: காருக்கு 60 மில்லிமீற்றர் தடிப்பு, லொறி, பௌசர் வந்து போகும் இடத்துக்கு 80. சுற்றிவர விளிம்புக் கட்டு. கடைசியில் உலர்ந்த நுண் மணலைக் கூட்டி இடைவெளிகளை நிரப்பி, திரும்பவும் கொம்பெக்டர். கொங்கிரீட் பேவிங் கல்லுக்கு எஸ்எல்எஸ் 1425 என்ற இலங்கைத் தரம் இருக்கிறது. எந்த ஆலைக் கல், எஸ்எல்எஸ் உள்ளதா என்பதைக் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள்.

இனி, லண்டனில் இருந்தபடியே நீங்கள் செய்யக்கூடிய கணக்கு. இலங்கையில் மணலும் ஏபிசியும் கியூப் கணக்கில் விற்கிறார்கள், ஒரு கியூப் என்பது 100 கன அடி. 600 சதுர அடி முற்றத்துக்கு ஆறு அங்குலம் ஏபிசி என்றால் 300 கன அடி, அதாவது இறுக்கிய பிறகு மூன்று கியூப். இறுக்கினால் அமுங்கும் என்பதால் மூன்றுக்கு மேல் வந்து இறங்க வேண்டும். மணல் ஓரங்குலத்துக்கு அரைக் கியூப். முற்றத்தின் மட்டம் உயராமல் இருக்க ஒன்பது அங்குலத்துக்கு மேல் தோண்ட வேண்டும், அந்த மண் மட்டும் நாலரைக் கியூப் வரும். இவ்வளவு மண் வெளியே போனதா, இவ்வளவு ஏபிசி உள்ளே வந்ததா என்பதை அப்பா கதிரையில் இருந்தபடியே டிப்பரை எண்ணிச் சொல்லிவிடுவார். “ஏபிசி இறங்கும்போதும், இறுக்கின பிறகும், ஒரு அடிமட்டத்தை நட்டு வைத்துப் படம் அனுப்புங்கோ அப்பா” என்று கேளுங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபிக்க மாட்டார், தானே அடிமட்டத்தைப் பிடித்துக் காட்டுவார். கல் பதித்த பிறகு எடுக்கும் அழகான படத்தால் எதுவும் தெரிய வராது.

சதுர அடியையும் நீங்களே அளந்து வையுங்கள். கேட்டருகே சாய்வாகவும் மரத்தடியில் வளைவாகவும் இருக்கும் முற்றத்தைப் பெட்டியாக எடுத்து நீளத்தை அகலத்தால் பெருக்கி, பூப்பாத்தியையும் கிணற்றடியையும் சேர்த்துப் பில் போடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வேலை தொடங்க முன் அளவு இரு தரப்பிலும் ஒப்புக்கொண்டதாக இருந்தால் கடைசி நாளில் சண்டை வராது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படிக் கொட்டும் என்று நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 50 அடிக்கு ஓரடி என்ற சரிவாவது வீட்டுச் சுவரில் இருந்து வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். தோண்டாமல் பழைய முற்றத்துக்கு மேலேயே மணல் போட்டுக் கல் பதித்தால் மட்டம் உயர்ந்து, விறாந்தைக்குள் தண்ணீர் ஏறும். மேன்ஹோல் மூடியையும் தண்ணீர் மீற்றர் பெட்டியையும் கல்லால் மூடிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வெள்ளவத்தையில் கழிவுநீர்க் குழாய் அடைத்தபோது மூடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் புது முற்றத்தைப் பல இடத்தில் கிளறிய வீடு ஒன்று இருக்கிறது. கேட்டுக்கு வெளியே உள்ள கானும் நடைபாதையும் உங்களுடையவை அல்ல, சபைக்குச் சொந்தம். “கானையும் மூடி அழகாக்கித் தாறோம்” என்று யாராவது சொன்னால், சபையின் அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். ஒழுங்கை முழுவதும் தண்ணீர் நிற்கும்.

பணத்துக்கு வருவோம். “முழுக் காசையும் தந்தா இன்னும் குறைச்சுத் தாறோம்” என்பதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். பொருள் வாங்க முற்பணம் கேட்பது நியாயம்தான், சின்ன ஒப்பந்தகாரரிடம் கைமுதல் இருக்காது. ஆனால் கல்லுக்கான பணத்தைக் கல் விற்கும் இடத்துக்கே நேரே கட்டலாம், ஏபிசிக்கு டிப்பர் வந்து இறங்கியதும் கொடுக்கலாம். கூலியைக் கட்டம் கட்டமாக, தோண்டி முடிந்ததும் ஒரு பங்கு, அடித்தளம் இறுக்கியதும் ஒரு பங்கு என்று கொடுங்கள். வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். அந்தக் கணக்கு அவருடைய பெயரில் இருக்கிறதா, அடையாள அட்டையில் உள்ள பெயரும் அதுதானா என்று பாருங்கள். அம்மா கையால் காசு எண்ணிக் கொடுக்கிற நிலையை வைக்காதீர்கள், பாதுகாப்புக்காகவும்தான் சொல்கிறேன்.

பெரிய கட்டட ஒப்பந்தங்களில் 5 முதல் 10 வீதம் வரை பணத்தைப் பிடித்துவைத்து, குறை ஏதும் வெளிவருகிறதா என்று பார்த்த பிறகே கொடுப்போம். வீட்டு முற்றத்துக்கும் இதைச் செய்யலாம், தொடக்கத்திலேயே எழுதிக்கொண்டால் போதும். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் காலக்கணக்கு. கொழும்பில் தை, மாசி, பங்குனி ஓரளவு காய்ந்த மாதங்கள். டிசம்பரில் நீங்கள் வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போன வேலை ஜனவரியில் நடக்கும். அப்போது எல்லாம் திறமாக இருக்கும். தென்மேல் பருவமழை மே மாதத்தில் பிடிக்கும், கல் இறங்கத் தொடங்குவது அப்போதுதான். ஆனால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். பள்ளம் கண்ணில் படும்போது முறையிடும் நாள் கடந்துபோயிருக்கும். மழை வரும் வரைக்கும் உங்கள் கையில் ஒரு பிடி இருக்க வேண்டுமென்றால், அந்தப் பிடித்துவைத்த பணம்தான் அது. ஓகஸ்டிலோ செப்டெம்பரிலோ வேலை நடந்தால் அவ்வளவு சிக்கல் இல்லை, ஒக்டோபர் மழை மூன்று மாதத்துக்குள் வந்துவிடும்.

கொட்டேஷன் எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சிங்களத்தில் கைப்பட எழுதிய துண்டில், வாசிக்கத் தெரியாத அம்மா கையெழுத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் “6 அங்குலம்” என்று இருந்ததா இல்லையா என்பதே பிறகு வழக்காகிவிடுகிறது. தமிழில் எழுதக் கேளுங்கள். முடியாதென்றால், அதைப் படமெடுத்து மொழி தெரிந்த ஒருவருக்கு அனுப்பி வாசித்த பிறகு கையெழுத்து வைக்கட்டும். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், சதுர அடி, தோண்டும் ஆழம், ஏபிசி தடிப்பு, கல் தடிப்பு, விளிம்புக் கட்டு, தொடங்கும் திகதி, முடிக்கும் திகதி எல்லாம் ஒரே கடதாசியில் அடங்கும். பெரிய ஆவணம் ஒன்றும் தேவையில்லை. அவர் முன்பு செய்த முற்றங்களில் ஒரு மழைக்காலமாவது கடந்த ஒன்றைக் காட்டச் சொல்லி, ஒரு உறவினரையோ அயலவரையோ அனுப்பிப் பாருங்கள். போனில் வரும் படம் யாருடைய முற்றமாகவும் இருக்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்துபோன வீடுகளும் உங்களில் சிலருடையவையாக இருக்கும். அப்பா உங்களுக்குச் சொல்லாமல் இருக்கக்கூடும், பிள்ளையின் காசை வீணாக்கிவிட்டேன் என்ற வெட்கம் அவருக்கு. தெஹிவளை ஐயாவும் மகளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் என்னைக் கேட்டார். தெரிய வரும்போது தயவுசெய்து “ஏன் குடுத்தனீங்கள்” என்று ஆரம்பிக்காதீர்கள். பள்ளங்களையும், தூக்கிய கல்லின் கீழ்ப்பகுதியையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். பில், வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம். ஒப்பந்தகாரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். திருத்தித் தர வந்தால் அடித்தளத்தில் இருந்து திருத்தட்டும், பள்ளத்தில் மணல் நிரப்புவது திருத்தம் அல்ல. வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்டு, முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழிதான். பிரதேச இணக்க சபையும் இருக்கிறது. இவற்றையெல்லாம் தொடங்க முன், வேலை முடிந்த திகதியை அப்பாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதக் கணக்கு அதில் இருந்துதான் ஓடுகிறது.

அன்புடன்,
உங்கள் பெற்றோரின் அயலவள் ஒருத்தி
வெள்ளவத்தை, கொழும்பு